நிற்காமல் ஓடிய ரயில்: சிங்கப்பூர் வட்ட ரயில் பாதை, 2016 – ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் மாதக் கடைசியில் சிங்கப்பூரின் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் நட்ட நடுச் சுரங்கத்தில் திடீர் திடீரென்று நின்றன. அவசரகால பிரேக் விழுந்தால் எப்படி இருக்கும் என்பது நின்றுகொண்டு பயணம் செய்பவர்களுக்குத்தான் தெரியும். கம்பியைப் பிடித்திருந்த கை இழுபடும். பிடிக்காதவர் பக்கத்தில் நிற்பவர் மேல் சாய்வார். அதன்பின் சற்று நேரம் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கேட்கும். இந்தப் பாதையில் ஓடுபவை ஓட்டுநர் அறையே இல்லாத ரயில்கள். முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே போய் நின்றால் இருட்டுக்குள் நீளும் தண்டவாளம் தெரியும். ஏன் நின்றது என்று கேட்பதற்கு அங்கே ஆள் கிடையாது.

சில நாட்கள் தொல்லை கொடுத்துவிட்டு அது அடங்கியது. நவம்பர் தொடக்கத்தில் மறுபடியும் தலைகாட்டியது. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ரயில்களை இயக்கிய எஸ்எம்ஆர்டி நிறுவனமும் பாதைக்குப் பொறுப்பான நிலப் போக்குவரத்து ஆணையமும் ஒரு விஷயத்தை விரைவிலேயே உறுதிசெய்துவிட்டன. ஏதோ ஓர் அலை ரயில்களின் சிக்னல் தொடர்பில் குறுக்கிடுகிறது, தொடர்பு அறுந்த ரயில் தானாக பிரேக் போடுகிறது. அலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

கடைசியில் அது ஒரே வார இறுதியில் பிடிபட்டது. குற்றவாளி வெளியிலிருந்து வந்ததும் இல்லை. அதே பாதையில், அதே பயணிகளைச் சுமந்துகொண்டு, மற்ற ரயில்களைப் போலவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ரயில். இந்தக் கதையை ஆங்கிலத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் தரவு அறிவியலின் வெற்றியாகவே அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஒரு கோளாறைப் பதிவுசெய்யும் படிவத்தில் எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன என்பதே அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. சென்னையில் மெட்ரோ ரயிலில் ஏறுகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு, ஏனென்றால் இரண்டு ஊர் ரயில்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஒரே குடும்பம், பல ஊர்கள்

பிரான்ஸைத் தலைமையகமாகக் கொண்ட அல்ஸ்டாம் நிறுவனம் நகர மெட்ரோக்களுக்காகத் தயாரிக்கும் மின்ரயில் வரிசைக்கு 'மெட்ரோபொலிஸ்' என்று பெயர். ஒரு துணிக்கடையில் ஒரே வெட்டில் பல அளவுச் சட்டைகள் இருப்பதைப்போல, ஓர் அடிப்படை வடிவமைப்பை வைத்துக்கொண்டு அந்தந்த ஊரின் தேவைக்கேற்ப மாற்றித் தருகிறார்கள். பெட்டிகளின் எண்ணிக்கை மாறும், மின்சாரம் வரும் வழி மாறும், ஓட்டுநர் இருப்பதும் இல்லாததும் மாறும்.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். 2003 ஜூன் 20 அன்று திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதையில் ஓடுவது ஆறு பெட்டி மெட்ரோபொலிஸ். அதற்கு மேல்நிலைக் கம்பி வழியாக 1,500 வோல்ட் நேர்மின்சாரம். வட்டப் பாதையில் ஓடுவது மூன்று பெட்டி மெட்ரோபொலிஸ். அதற்குத் தண்டவாளத்தின் ஓரமாகவே ஓடும் மூன்றாம் தண்டவாளம் வழியாக 750 வோல்ட். இரண்டுக்கும் ஓட்டுநர் கிடையாது. சென்னையில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது நான்கு பெட்டி மெட்ரோபொலிஸ். அதற்கு மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம், முன்னால் ஓட்டுநர். சென்னைக்கு முதலில் வாங்கிய 42 ரயில்களில் முதல் 9 ரயில்கள் பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரிலுள்ள லாப்பா ஆலையிலிருந்து கப்பலில் வந்தன. மீதி, தமிழக எல்லையைத் தாண்டியதும் ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராயின. அந்த ஸ்ரீசிட்டியிலிருந்து பிற்பாடு சிட்னிக்கும் மான்ட்ரியாலுக்கும் ஓட்டுநரில்லா மெட்ரோபொலிஸ் ரயில்கள் ஏற்றுமதியாயின.

வட்டப் பாதை கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டது. 2009 மே மாதம் முதல் பகுதி, 2010இல் டோபி காட் வரை, 2011இல் ஹார்பர்ஃபிரன்ட் வரை, 2012 ஜனவரியில் மரினா பே கிளை. நாம் பேசும் 2016இல் பாதையின் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், நிலையங்கள் 30. முழுக்கச் சுரங்கம். முதலில் வாங்கிய 40 ரயில்கள் கூட்டத்துக்குப் போதாமல் மேலும் 24 ரயில்கள் வாங்கப்பட்டு 2015 முதல் ஓடத் தொடங்கின. ஆக 64 ரயில்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்வது கடினம். இந்த ஒருமை பராமரிப்புக்குப் பெரிய வசதி. ஒரே உதிரி பாகம், ஒரே பயிற்சி, எந்த ரயிலையும் எந்த நேரத்துக்கும் அனுப்பலாம். ஆனால் எந்த ரயிலும் எங்கும் போகலாம் என்பதால், ஒரு ரயிலில் உள்ள கோளாறு இன்று இந்த நிலையத்திலும் நாளை அந்த நிலையத்திலும் தெரியும். அதன் சுவடு பாதை முழுவதும் சிதறிவிடும்.

ரயில் ஏன் தானாக நின்றது

பழைய முறையில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருந்தால் பின்னால் வருவதற்குச் சிவப்பு விளக்கு காட்டுவார்கள். வட்டப் பாதையில் விளக்குக் கம்பங்களை நம்பி யாரும் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு ரயிலும் தான் எங்கே இருக்கிறேன் என்று வானலை வழியாக இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு, இதுவரை போகலாம், இந்த வேகத்தில் போகலாம் என்று கணினி பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்னால் போகும் ரயில் நகர நகர, பின்னால் வரும் ரயிலுக்கான அனுமதியும் நகரும். இதனால்தான் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு ரயில் என்று நெருக்கமாக விட முடிகிறது.

இந்தப் பேச்சு நின்றுபோனால் ரயிலுக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. கடைசியாகக் கேட்டதை நம்பித் தொடர்வது, அல்லது நிற்பது. வடிவமைத்தவர்கள் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது சரியான முடிவு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத ரயில் நிற்கத்தான் வேண்டும். ஆகவே அந்த வாரங்களில் சுரங்கத்தில் நின்ற ஒவ்வொரு ரயிலும் தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. பணிமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் பிரேக் நன்றாக இருக்கும், வானலைக் கருவி நன்றாக இருக்கும், சக்கரம் நன்றாக இருக்கும். ஆய்வாளர்களின் குழப்பம் இங்கே தொடங்குகிறது. அவர்கள் பரிசோதித்தது நோயாளியை; நோயைக் கொடுத்தவர் வேறெங்கோ நடமாடிக்கொண்டிருந்தார்.

சந்தேகங்கள்

வெளியிலிருந்து வரும் அலையைச் சந்தேகிப்பது இயல்பு. பாதை நெடுக நிலையங்கள், நிலையங்களுக்கு மேலே கடைத்தொகுதிகள், ஒவ்வொரு பயணியின் கையிலும் கைப்பேசி. இப்படி நடந்ததற்கு முன்னுதாரணமும் இருந்தது. 2012 நவம்பரில் சீனாவின் ஷென்ஷென் மெட்ரோவில் ரயில்கள் நின்றபோது, பயணிகள் பையில் வைத்திருந்த சிறிய வைஃபை கருவிகள் ரயிலின் தொடர்பில் குறுக்கிட்டதே காரணம் என்று தெரியவந்தது. சிங்கப்பூரிலும் தொலைபேசி நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, கைப்பேசிச் சேவையைச் சிறிது நேரம் நிறுத்தியும் சோதித்தார்கள். விடை கிடைக்கவில்லை.

நவம்பர் 5, சனிக்கிழமை. விசாரணையில் உதவுவதற்காக அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவுக் குழுவைச் சேர்ந்த மூவரிடம் ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டது. எஸ்எம்ஆர்டி தொகுத்த பட்டியல் அது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு விவரங்கள்: நடந்த தேதியும் நேரமும், நடந்த இடம், நின்ற ரயிலின் எண், அது போய்க்கொண்டிருந்த திசை. மொத்தம் 259 சம்பவங்கள்.

முதலில் அவர்கள் எல்லோரும் செய்வதையே செய்தார்கள். நேரவாரியாக எண்ணிப் பார்த்தார்கள். காலையும் மாலையும் அதிகம், நடுவில் குறைவு. ரயில்கள் அதிகம் ஓடும் நேரத்தில் சம்பவங்களும் அதிகம், அவ்வளவுதான். இடவாரியாகப் பார்த்தார்கள். பாதை முழுக்கப் பரவியிருந்தது, மேற்குப் பக்கம் சற்றுக் கூடுதல். ரயில் வாரியாகப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, பல ரயில்கள் சிக்கியிருந்தன. இந்த மூன்று படங்களையும் தனித்தனியாகப் பார்க்கிற எவரும், எங்கும் எப்போதும் யாருக்கும் நடக்கிறது, இதில் ஒழுங்கே இல்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டு மாதம் பலரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

தாளில் விழுந்த சாய்கோடு

அதன்பின் அவர்கள் நேரத்தையும் இடத்தையும் ஒரே படத்தில் சேர்த்தார்கள். அவர்கள் கையாண்ட வடிவம் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் எதியென் ஜூல் மரேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயில் அட்டவணைப் படம். இடமிருந்து வலமாக நிலையங்கள், மேலிருந்து கீழாக நேரம். ஓடுகிற ரயில் அந்தப் படத்தில் ஒரு சாய்கோடாக விழும்.

நம் ஊர் ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. கண்ட்ரோல் அலுவலகத்தில் செக்‌ஷன் கண்ட்ரோலர் முன்னால் நீளமாக விரித்திருக்கும் தாளை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அங்கே குறுக்கே மணி, மேலிருந்து கீழாக நிலையங்களின் பெயர். ஒவ்வொரு ரயிலும் நிலையத்தைக் கடந்த தகவல் வர வர, வண்ணப் பென்சிலால் கோடு நீண்டுகொண்டே போகும். கோடு படுத்தால் வண்டி நிற்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் அங்கே எதிர்வண்டியைச் சந்திக்கிறது. இப்போது கணினித் திரைக்கு மாறிவிட்டாலும் படம் அதே படம்தான். பழகிய கண் அந்தத் தாளில் ஒரு நாளின் மொத்த ஓட்டத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடும்.

சிங்கப்பூர்க் குழு வரைந்த படத்தில் கோடுகள் இல்லை. ஒவ்வொரு சம்பவமும் ஒரு புள்ளி. இங்கே கொஞ்சம் நின்று, அந்தப் புள்ளிகள் எப்படியெல்லாம் விழுந்திருக்கலாம் என்று யோசிப்பது நல்லது, ஏனென்றால் இந்த ஆய்வின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு நிலையத்தில் இருக்கும் கருவியோ மேலே கட்டடத்தில் உள்ள கோபுரமோ காரணமாக இருந்தால், புள்ளிகள் அந்த ஒரு நிலையத்துக்கு நேராக மேலிருந்து கீழே வரிசையாக நிற்கும். கட்டுப்பாட்டு மையத்தின் கணினி தடுமாறினால், ஒரே நேரத்தில் பல இடங்களில் ரயில்கள் நின்று, புள்ளிகள் குறுக்காகப் படுத்திருக்கும். பயணிகளின் கைப்பேசிகள் காரணமென்றால், கூட்டம் மிகுந்த நிலையங்களைச் சுற்றி, கூட்டம் மிகுந்த நேரத்தில் அப்பிக்கொண்டிருக்கும். சாய்வாக, ஒரே சீரான சரிவில் புள்ளிகள் இறங்கினால் அதற்கு ஒரே பொருள்தான். காரணம் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதுவும் ரயிலின் வேகத்தில்.

புள்ளிகள் சாய்வாகத்தான் இறங்கின.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு ரயில் நின்றால், சற்று நேரத்தில் அதே திசையில் அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ரயில் நிற்கிறது. பிறகு அதற்கும் பின்னால் வருவது. அதாவது தொல்லை, பாதிக்கப்பட்ட ரயில்களின் திசைக்கு எதிராக நகர்கிறது. பக்கத்துத் தடத்தில் எதிர்த்திசையில் போகும் ஒரு ரயில்தான் இப்படி வரிசையாக ஒவ்வொன்றாகச் சந்தித்துக்கொண்டு போக முடியும். மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகம் என்றால், எதிரே போகும் ரயில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயிலைச் சந்திக்கும். ஒரு மணி நேரத்தில் நாற்பது சந்திப்புகள். அத்தனையும் பிரேக்கில் முடியவில்லை என்பதிலிருந்து, கோளாறு விட்டு விட்டு வருகிறது என்பதும் புரிகிறது. விட்டு விட்டு வரும் கோளாறைப் போல ஆய்வாளனைச் சோதிப்பது வேறில்லை. பார்க்கப் போகும்போது அது இருக்காது.

மூவரும் ஊகத்தோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாய்கோடு தெரிகிறது என்று கண் சொல்லலாம். சிதறிய புள்ளிகளில் கோடு காண்பது மனிதக் கண்ணின் பழைய பலவீனம். அதனால் நேர இடைவெளியும் தூர இடைவெளியும் ஒரு ரயிலின் ஓட்டத்தோடு பொருந்தும் சம்பவங்களை மட்டும் சேர்த்துக் கட்டும்படி நிரல் எழுதினார்கள். 259இல் 189 சம்பவங்கள், அதாவது 73 விழுக்காடு, ஒரே ஒரு திரியும் ரயில் என்ற ஊகத்தால் விளக்கப்பட்டன. தற்செயலாக இவ்வளவு பொருந்த வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஆனால் எந்த ரயில்? பட்டியலில் அதற்கு விடை இல்லை, இருக்கவும் முடியாது. பட்டியலில் இருந்தவை நின்ற ரயில்களின் எண்கள். தொல்லை கொடுத்த ரயிலோ தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 259 வரிகளில் எத்தனை முறை தேடினாலும் அது குற்றவாளியாக அகப்படாது.

அதற்கு வேறு பதிவு தேவைப்பட்டது. வட்டப் பாதை ரயில்களின் இருப்பிடம், தரைக்கடியில் இருக்கும் கிம் சுவான் பணிமனை. ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்பதைக் காட்டும் காணொளிப் பதிவுகள் அங்கே இருந்தன. சம்பவங்கள் நடந்த நேரத்துப் பதிவுகளை ஓட்டிப் பார்த்து, சாய்கோடு போன இடத்தில் அந்தந்த நேரத்தில் எந்த ரயில் இருந்தது என்று பொருத்திப் பார்த்தார்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. பிவி46. 2015 முதல் ஓடிவந்த ரயில்.

நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் குறைந்த நேரத்தில் பிவி46ஐப் பாதையில் இறக்கினார்கள். அது இறங்கும்வரை அன்று எந்தத் தொல்லையும் இல்லை. அது இறங்கிய பிறகு, அருகே வந்த ரயில்கள் தொடர்பு இழந்து பிரேக் போட்டன. பிறகு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிவி46 எங்கெங்கே ஓடியது என்ற பழைய விவரத்தையும் சம்பவங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, 95 விழுக்காட்டுக்கும் மேலான சம்பவங்கள் அதனருகிலேயே நடந்திருந்தன. மீதி, எந்த நாளிலும் எப்போதாவது நடக்கும் சாதாரணத் தொடர்பிழப்பு.

நவம்பர் 11ஆம் தேதி ஆணையமும் எஸ்எம்ஆர்டியும் விவரத்தை மக்களுக்கு அறிவித்தன. பிவி46இல் இருந்த சிக்னல் வன்பொருள் விட்டு விட்டுப் பழுதாகி, தவறான அலைகளை வெளியிட்டு, மற்ற ரயில்களின் தொடர்பைக் கெடுத்திருக்கிறது. இந்த ஆய்வில் தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பின் பொறியாளர்களும் பங்கெடுத்தார்கள். தரவுக் குழுவினர் தாங்கள் செய்ததைப் படங்களோடும் நிரலோடும் பொதுவெளியில் எழுதி வைத்தார்கள். அரசுத் துறை ஒன்று தன் ஊரின் கோளாறை இவ்வளவு திறந்த மனத்தோடு விளக்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்காகவே அவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஏன் அத்தனை நாள்?

இரண்டு மாதம் திணறியவர்களைக் குறை சொல்வது எளிது, நியாயமில்லை. அவர்கள் ரயில் பொறியாளர்கள். தங்கள் தொழிலைத் தெரிந்தவர்கள். அலை குறுக்கீடு என்பதை அவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் விடை கிடைத்ததற்கு அவர்கள் தொகுத்த பட்டியலும் அவர்கள் சேமித்த பதிவுகளும்தான் காரணம். தடை எங்கே இருந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது.

என் கணிப்பில் முதல் தடை அந்த நான்கு விவரங்கள். சம்பவப் பதிவு என்பது எப்போதும் பாதிக்கப்பட்டதைப் பற்றியே எழுதப்படுகிறது. எந்த ரயில் நின்றது, எங்கே நின்றது, எப்போது நின்றது. விபத்துப் பதிவேடு, பழுதுப் பதிவேடு, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடு எல்லாமே இப்படித்தான். நின்ற ரயிலின் எண் ஒரு கட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்துத் தடத்தில் எந்த ரயில் போனது என்பதற்குக் கட்டமே இல்லை. தள்ளியவன் ஓடிவிட்டான், விழுந்தவனின் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு எத்தனை நாள் யோசித்தாலும் தள்ளியவன் பெயர் வராது. ஐந்தாவதாக ஒரு விவரம் இருந்திருந்தால், தரவு அறிவியலே தேவைப்பட்டிருக்காது. பிவி46 என்ற எண் பத்தில் ஒன்பது வரிகளில் இருந்திருக்கும். ஒரு எழுத்தரே விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்தது. இது விசித்திரமாகத் தோன்றலாம். பழுதான கருவி தன் ரயிலை நிறுத்தவில்லை, மற்றவற்றை நிறுத்தியது. தன் தொடர்பு அறுந்தால் நிற்க வேண்டும் என்று ரயிலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிறர் தொடர்பைக் கெடுத்தால் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க, முதலில் அது தான் கெடுக்கிறோம் என்று அறிய வேண்டும். பிவி46க்கு அது தெரியாது. ஆகவே கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் அன்றைக்கு மிக ஆரோக்கியமான ரயில்களில் ஒன்றாகக் கூட அது தெரிந்திருக்கலாம்.

மூன்றாவது, சந்தேகத்தின் திசை. வெளியிலிருந்து வரும் அலை என்ற எண்ணம் வந்துவிட்டால், ஆய்வு கைப்பேசிக் கோபுரங்களையும் கடைத்தொகுதிகளையும் பயணிகளின் பைகளையும் நோக்கிப் போய்விடுகிறது. ஷென்ஷென் முன்னுதாரணம் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்திருக்கும். ஒரே பாதையில் அறுபத்து நான்கு ரயில்கள் ஒரே வகைக் கருவியோடு ஒரே அலைவரிசைகளில் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், அந்தக் கருவிகளில் ஒன்றே அதிகம் இரைந்தால் மற்றவற்றுக்குக் காது கேட்காது என்பது பின்னோக்கிப் பார்த்தால் எளிமையாகத் தெரிகிறது. குடும்பத்துக்குள் ஒருவர் சத்தம் போட்டால் வீட்டில் யாருக்கும் எதுவும் காதில் விழாது. வெளியே தெருவில் யார் கத்துகிறார்கள் என்று கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காவதாக ஒன்றையும் தயக்கத்தோடு சேர்க்கிறேன். ரயிலை இயக்குபவர்கள் தினமும் நேர–இடப் படத்தோடு வாழ்பவர்கள். ரயிலின் மின்னணுவைப் பழுதுபார்ப்பவர்கள் கருவியோடு வாழ்பவர்கள். வானலையைச் சோதிப்பவர்கள் அலைமானியோடு வாழ்பவர்கள். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்க்கும் சந்தர்ப்பம் எளிதில் வருவதில்லை. தரவுக் குழுவினர் ரயில் தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள் என்பதால்தான், ரயில் தொழிலின் மிகப் பழைய படத்தை எடுத்து விரிக்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பூந்தமல்லிக்கு ஒரு குறிப்பு

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் அப்படி இல்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் நான்காம் வழித்தடத்துக்கு அல்ஸ்டாம் நிறுவனத்திடம் 2022இல் 26 ரயில்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. மொத்தம் 78 பெட்டிகள், ஒரு ரயிலுக்கு மூன்று. ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி ஸ்ரீசிட்டியில் கட்டப்பட்டவை. முதல் ரயில் 2024இல் பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்து சோதனை ஓட்டமும் தொடங்கியது. மூன்று பெட்டி, ஓட்டுநரில்லா மெட்ரோபொலிஸ் என்ற அளவில் பிவி46க்கு நெருங்கிய உறவு. வட்டப் பாதையின் சிக்னல் கருவி வேறு, காலமும் வேறு. அதே பழுது இங்கே வரும் என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. வானலையால் பேசிக்கொள்ளும் ரயில்கள், பேச்சு நின்றால் நிற்கும் ரயில்கள் என்ற ஏற்பாடு மட்டும் பொதுவானது.

ஓட்டுநர் இருக்கும் ரயிலில், நின்ற காரணம் தெரியாவிட்டாலும் ஒரு மனிதர் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே வந்த வண்டி கடந்தபோதுதான் தொடர்பு அறுந்தது என்று அவர் நான்கு முறை கவனித்தால் ஐந்தாம் முறை மேலதிகாரியிடம் சொல்லிவிடுவார். அந்தக் கண் இல்லாத ரயிலில், அதன் வேலையைப் பதிவேடுதான் செய்ய வேண்டும். பதிவேட்டை வடிவமைப்பது திறப்பு விழாவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. முதல் தொல்லை வந்த பிறகு பழைய காணொளிகளைத் தேடி எடுத்துச் சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்பதைக் கிம் சுவானில் பார்த்தோம்.

நான் கேட்பது சிறியது. ஒரு ரயில் காரணமில்லாமல் அவசரகால பிரேக் போட்டால் கட்டுப்பாட்டு அறையில் நிரப்பும் படிவத்தில் நேரம், இடம், ரயில் எண், திசை என்ற நான்கோடு இன்னும் மூன்று கட்டங்கள்: முன்னால் போன ரயிலின் எண், பின்னால் வந்த ரயிலின் எண், எதிர்த்தடத்தில் அப்போது அருகே இருந்த ரயிலின் எண். ஒவ்வொரு ரயிலும் எங்கே இருக்கிறது என்று கணினிக்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே இந்த மூன்றையும் அதுவே நிரப்பிவிடும். வாரக் கடைசியில் அந்தப் படிவங்களை நேரமும் நிலையமும் உள்ள ஒரு தாளில் புள்ளிகளாக வைத்து, ரயிலை இயக்குபவரும் பழுதுபார்ப்பவரும் சேர்ந்து அரை மணி நேரம் பார்த்தால் போதும்.